தீனி தின்னக்கூடாது

போன மாதம் ஒரு விடியற்காலையில், ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டுக் களத்தில், எங்கள் தோட்டத்து டாக்டரையா ஒரு காலிப் பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினார். புதிதாக வந்தவர், நல்ல மனிதர். வெறும் வயிற்றில் பாலில்லாத சாயத்தண்ணீரைக் குடித்துவிட்டு நாள் முழுவதும் வேலை செய்தால் இரத்தம் குறையும் என்றார். வேலைக்கு நடுவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நல்லதாக ஏதாவது வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். வறுத்த சோளம், கொள்ளு, ஒரு தேங்காய்ச் சில், ஒரு துண்டு கருப்பட்டி என்று விரல் மடக்கிச் சொன்னார்.

பெண்கள் தலையை ஆட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் மேல் கோபம் இல்லை. அவர் விரல் மடக்கிச் சொன்ன ஒவ்வொன்றும் முன்னொரு காலத்தில் எங்கள் பெண்களின் முந்தானையிலிருந்து பிடுங்கிச் சாக்கில் கொட்டப்பட்டதை நான் பார்த்தவன். அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.

நான் கூட்டத்தில் பேசுகிறவன் அல்ல. கடையில் உப்புக் கேட்பதற்கே இரண்டு முறை தொண்டையைக் கனைத்துக்கொள்வேன். ஆனால் பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததில் கையெழுத்து மட்டும் நன்றாக வந்தது. அதனால்தான் ஸ்டோரில் எனக்கு வேலை கிடைத்தது. தேயிலைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்துத் தூளாக்குகிற கட்டடத்தைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். தூளை அடைத்த பெட்டிகளின் மேல் தகட்டெழுத்தை வைத்துக் கறுப்பு மை பூசி, தோட்டத்தின் குறியும் தூளின் இனமும் பெட்டியின் எண்ணும் போடுவது என் வேலை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். பெண்கள் என்னைப் பெட்டிக்காரண்ணே என்று கூப்பிடுவார்கள்.

நான் சொல்வது ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டைக்கு முந்திய காலம். தெமோதரைக்கு ரயில் வரவில்லை. பெட்டிகள் மாட்டு வண்டியில் பண்டாரவளைக்குப் போகும். வண்டிக்காரர்கள் பாதி வழியில் ஓர் ஓடைக்கரையில் கட்டாயம் அவிழ்த்துப் போடுவார்கள். மாட்டுக்குத் தீனி காட்டாமல் ஏற்றம் ஏற்றுவது பாவம் என்பது அவர்கள் பேச்சு. துரை அவசரப்படுத்தினாலும், "மாடு வாயில்லாத சீவனுங்க தொரை" என்பார்கள். துரையும் சரி என்று விட்டுவிடுவார்.

நான் மையடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் காம்பு பொறுக்கும் அறை. பதினான்கு பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து, காய்ந்த தூளைப் பரப்பி, சிவப்புக் காம்பையும் நாரையும் விரலால் பொறுக்கி எடுப்பார்கள். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களாவது மத்தியானம் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வருவார்கள். ஸ்டோர்ப் பெண்கள், கொழுந்து நிறைய வருகிற மாதங்களில், விடியற்காலையில் குடித்த கஞ்சியோடு மாலை வரை இருக்க வேண்டும். கைப்பிள்ளைக்காரிக்கு மட்டும் மத்தியானம் அரை மணி நேரம் விடுவார்கள்.

அதனால் முந்தானை முடிச்சில் ஏதாவது இருக்கும். கீழே சிங்களக் கிராமத்திலிருந்து வருகிற சோளத்தை உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்துக் கொண்டுவருவார்கள். குரக்கன் என்கிற கேப்பை மாவில் கருப்பட்டி சேர்த்துப் பிடித்த சின்ன உருண்டை இருக்கும். வறுத்த கொள்ளு இருக்கும். ஒன்றும் இல்லாதவள் சுட்ட புளியங்கொட்டையைக் கொண்டுவருவாள். அது அரை நாள் வாயில் கிடக்கும்.

தின்கிற விதம்தான் யாருக்கும் தெரியாது. சோள மணி ஒன்றைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் ஒதுக்கி வைப்பார்கள். கால் மணி நேரத்தில் அது எச்சிலில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். பிறகு நாக்காலேயே நசுக்கி விழுங்கலாம். பல் படாது, சத்தம் வராது, தாடை அசையாது. கொள்ளு அப்படி ஊறாது. அதற்கு அரைக்கிற மெஷின் ஓடுகிற நேரத்தைப் பார்த்திருந்து, சத்தத்தோடு சத்தமாகக் கடிக்க வேண்டும். மனுஷி இரண்டு மணி சோளம் தின்பதற்கு இவ்வளவு வித்தை.

காரணம், சுவரில் இருந்த பலகை. தூள் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. நான் சேர்ந்த வருடம் டீமேக்கர் ஐயா, அதாவது ஸ்டோருக்குப் பெரியவர், என்னைக் கூப்பிட்டு ஒரு பலகை எழுதச் சொன்னார்.

"என்னான்னு எழுதங்க ஐயா?"

"ஸ்டோருக்குள் தீனி தின்னக்கூடாதுன்னு எழுது."

எனக்கு அந்தச் சொல் உறுத்தியது. உண்ணக்கூடாது என்று எழுதினால் போதுமே என்று நினைத்தேன். வாய் வரவில்லை. அவர் சொன்னபடியே எழுதினேன். எழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏனென்றால் பத்து மணிக்குத் துரை பங்களாவில் சாப்பிடுவதற்கு டிபன் என்று பெயர். அதே பத்து மணிக்கு டீமேக்கர் ஐயாவுக்கு வீட்டிலிருந்து வருவதற்கு டீ என்று பெயர். அந்த டீயில் பால் தேத்தண்ணீர், பிஸ்கட், வெங்காயம் போட்டுப் பொரித்த முட்டை எல்லாம் இருக்கும். ஸ்டோருக்குள் கண்ணாடி அடைத்த சின்ன அறையில் உட்கார்ந்து சாப்பிடுவார். பிறகு ஒரு சுருட்டு. வெங்காய வாடை காம்பு பொறுக்கும் அறைக்குள் வந்து வெறும் வயிறுகளின் மேல் நிற்கும். அதற்குத் தீனி என்று பெயர் இல்லை. முந்தானையில் இருக்கிற சோளத்துக்குத்தான் அந்தப் பெயர்.

சல்லடை பிடிக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். அந்த அறையில் வாய் உள்ளவள் அவள்தான். ஒருநாள் முட்டை வாடை வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னைக்கு ரெண்டு முட்ட. எல்லாரும் நல்லா இழுத்துக்கங்கடி. மூக்கால திங்கிறதுக்குப் பலகையில ஒண்ணும் எழுதல. இல்லீங்களா பெட்டிக்காரண்ணே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மைச்சட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. மட்டக்களப்பு ரோட்டில் வந்த வண்டி ஒன்றிலிருந்து டீமேக்கர் ஐயா ஒரு மூட்டைக் கருவாடு வாங்கியிருந்தார். ஈரத்தில் அது பிசுபிசுத்துப் புழு வைக்கப் பார்த்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இதக் கொண்டு போயி மாடியில, சூடு வர்ற பக்கம் வையி. நாலு நாள் காஞ்சாச் சரியாப் போகும்" என்றார். மாடி என்பது பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுகிற இடம். கீழேயிருந்து சூடான காற்று ஏறி வரும். மூட்டையைத் தோளில் வைத்து ஏணியில் ஏறியவன் நான். கடைசித் தட்டுக்கு அடியில் வைத்தேன். நாலு நாள் என்றவர் வாரக்கணக்கில் அதை எடுக்கவே இல்லை. வேண்டும்போது இரண்டு துண்டு எடுத்துவரச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்.

பிறகு கொழும்பிலிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. எங்கள் தூளில் வேறு ஏதோ வாடை அடிக்கிறதாம். துரை ஸ்டோருக்கு வந்து டீமேக்கர் ஐயாவைக் கண்ணாடி அறைக்குள் வைத்துக் கத்தினார். பெண்கள் தலை நிமிராமல் பொறுக்கினார்கள். துரை போனதும் ஐயா வெளியே வந்து அவர்களைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் கருவாட்டை மறைக்கவில்லை. மறைக்க நினைத்திருந்தால் அன்றைக்கே மூட்டையை எடுத்திருப்பாரே. தன் சாப்பாட்டுக்கும் வாடை உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வாடை என்றால் அது லயத்திலிருந்துதான் வரும் என்பது அவர் எண்ணம். அன்றைக்கு அவர் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

மறுநாள் காலை பெண்களை ஸ்டோர் வாசலில் வரிசையாக நிறுத்தினார். என்னை ஒரு வெறும் சாக்கைப் பிடிக்கச் சொன்னார். ஒவ்வொருத்தியும் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து அதில் உதற வேண்டும். சோளம் விழுந்தது. கொள்ளு விழுந்தது. ஒருத்தியிடமிருந்து ஒரு தேங்காய்ச் சில். இன்னொருத்தி முடிச்சில் புளியங்கொட்டை நாலே நாலு. சல்லடை அக்கா உதறும்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் சாக்கைப் பார்த்தேன்.

"வாயத் தொற" என்றார் ஐயா.

வாயைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி. தாய்மாரும் கலியாணம் ஆகாத பெண்களும் ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

ஏழாவதோ எட்டாவதோ வந்தவள் கைப்பிள்ளைக்காரி. நாலு மாதப் பெண் குழந்தை, லயத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். மத்தியான அரை மணியில் ஓட்டமாக ஓடிப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். அவள் முடிச்சில் கருப்பட்டித் துண்டும் சுட்ட பூண்டு இரண்டு பல்லும் இருந்தன. பால் கொடுக்கிறவளுக்குப் பூண்டு வேண்டும் என்று நம்மவர்களில் எந்த வீட்டில் தெரியாது? அவள் அதை ஸ்டோருக்குள் தின்றதே இல்லை. மத்தியானம் லயத்துக்கு ஓடுகிற வழியில், விறகுக் கொட்டிலைத் தாண்டியதும் வாயில் போட்டுக்கொள்வாள். நான் பார்த்திருக்கிறேன்.

ஐயா பூண்டை எடுத்து முகர்ந்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது. திருடனைக் கண்டுபிடித்தவர் போல நின்றார்.

"இந்தா பாரு. இதுதான் கொழும்பு வரைக்கும் நாறியிருக்கு."

"அது பாலுக்குங்க ஐயா. உள்ள கொண்டு வந்தாலும் முடிச்ச அவுக்க மாட்டேங்க" என்றாள் அவள்.

"தீனி திங்கணும்னா மலைக்குப் போ. அங்க நல்லா மேயலாம்."

அப்படித்தான் சொன்னார். அன்றைக்கே அவளை மலைக்கு மாற்றிவிட்டார். கொழுந்து எடுத்துப் பழகாத கை. அதுவும் தோட்டத்தின் கடைசி மலை. மத்தியானம் இறங்கி லயத்துக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். கங்காணி விடமாட்டார். மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு காலையில் போனவள் இருட்டும் நேரத்தில்தான் பிள்ளையைப் பார்ப்பாள்.

நான் ஒரு வார்த்தை பேசினால் போதும். மாடியில் மூட்டை இருக்கிறது ஐயா, அதனால் இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டிருந்தால்கூடப் போதும். ஒவ்வொரு நாளும் காலையில் இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று வருவேன். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெட்கம், கூச்சம் என்று இதற்கு நல்ல பெயர்கள் இருக்கின்றன. என் அம்மாவும் 'பிள்ளை கூச்ச சுபாவம்' என்று பெருமையாகச் சொல்வார். கூச்ச சுபாவம் என்பது அவனவன் வீட்டில் இருக்கிற வரைக்கும்தான் நல்ல குணம். பிள்ளை ஒன்று லயத்தில் பசித்துக் கிடக்கும்போது அதற்கு வேறு பெயர்.

எட்டாவது நாள், சல்லடை அக்கா சலித்த தூளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். நான் அவளிடம் கைப்பிள்ளைக்காரியைப் பற்றிக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"பால் கட்டிக்கிட்டு ரெண்டு நாளாக் காய்ச்சல். காய்ச்சலோடதான் மலைக்குப் போறா. புள்ள வடிகஞ்சி குடிக்குது."

நான் மையைக் கலக்கினேன்.

"மாடியில என்னா இருக்குன்னு எங்களுக்கும் மூக்கு இருக்குங்கண்ணே. நாங்க சொன்னா, மாட்டிக்கிட்டதும் ஐயா மேல பழியப் போடுறோம்பாங்க. தூக்கிக்கிட்டுப் போன ஆளு சொல்லலாமுல்ல?" சல்லடையைத் தட்டினாள். "ஏண்ணே, ஒங்க வாயிலயும் சோளமா ஊறுது?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் துரை ஸ்டோருக்கு வந்து, ஜன்னலோரத்து மேசையில் அந்த வாரத்துத் தூளை இனம் இனமாகப் பரப்பி, கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பார். அன்றைக்கும் வந்தார். ஐயா பக்கத்தில் நின்றார். நான் மையடிக்கிற தூரிகையைக் கீழே வைத்தேன். மாடிக்கு ஏறினேன். மூட்டையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். நேராகப் போய், துரை முகர்ந்துகொண்டிருந்த தூளுக்குப் பக்கத்தில் மேசையின் மேல் அதைப் போட்டேன். வாய் கட்டின கயிறு தளர்ந்து நாலைந்து துண்டு வெளியே சரிந்தன.

துரை மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"என்னா இது?"

நான் பேசவில்லை. அப்போதும் பேசவில்லை.

"எங்க இருந்திச்சு?"

விரலை மேலே காட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

துரை ஐயாவைப் பார்த்தார். ஐயாவுக்கு முகம் வெளுத்துப் போயிற்று. "தெரியலைங்க தொரை. இந்தப் பொம்பளைங்க ஒளிச்சு வச்சிருப்பாங்க" என்றார்.

அத்தனை பெண்களின் கையும் நின்றுவிட்டது. சல்லடை அக்கா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஆமாங்க தொரை. அந்த மூட்டையத்தான் நாங்க முந்தியில முடிஞ்சி வச்சிருந்தோம். ஐயாதான் எங்க வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தாரு, பல்லிடுக்குல இருந்தது தெரியாமப் போச்சு."

துரைக்கு அந்தத் தமிழ் புரிந்தது. மீசைக்குள் ஏதோ அசைந்தது. பிறகு கோபமாகவே ஐயாவிடம் இங்கிலீஷில் பேசினார். பெட்டி எழுத்துப் படித்தவனுக்கு அது என்ன விளங்கும்? அக்கா விடவில்லை. ரெண்டு பல்லு பூண்டுக்காகப் பச்சைப் பிள்ளைக்காரி ஒருத்தி ஒன்பது நாளாகக் கடைசி மலையில் நிற்கிறாள் என்றாள். "திங்கக்கிழமை அவள ஸ்டோருக்கு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் துரை குதிரையில் ஏறிப் போனார்.

அவ்வளவுதான் நடந்தது. ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கருவாடு அவர் வீட்டுக்குப் போயிற்று. பத்து மணி டீயும் நிற்கவில்லை. நான் வேலையை விட்டுப் போக வேண்டி வரும் என்று பயந்திருந்தேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. அடுத்த வாரம் கூப்பிட்டு, "அந்தப் பலகையில எழுத்துச் சின்னதா இருக்கு. பெருசா எழுதிப் போடு" என்றார். அதே சொற்கள்தான். நான் பெரிதாக எழுதிப் போட்டேன்.

திங்கட்கிழமை கைப்பிள்ளைக்காரி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து காம்பு பொறுக்கினாள். கன்னம் ஒட்டியிருந்தது. மத்தியான மணி அடித்தது. வழக்கமாக மணி அடித்து முடிவதற்குள் வாசலைத் தாண்டிவிடுகிறவள் அசையாமல் இருந்தாள்.

சல்லடை அக்கா கேட்டாள். "ஏன்டி, வீட்டுக்குப் போவலையா?"

"போயி என்னாக்கா செய்ய?" என்றாள். விரல் நிற்கவில்லை. "வத்திப்போச்சு."

எட்டு நாள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முதல் நாளே மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருந்தால் அவள் அந்த மணிக்கு எழுந்து ஓடியிருப்பாள். இதை எந்தப் பக்கமிருந்து நினைத்துப் பார்த்தாலும் கணக்கு மாறவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. வடிகஞ்சியும் பக்கத்து லயத்து ஆட்டுப்பாலும் குடித்து, எலும்பும் தோலுமாக இருந்து, எப்படியோ தேறிவிட்டது. அந்தப் பெண்தான் இப்போது அம்மா உட்கார்ந்த அதே அறையில் காம்பு பொறுக்குகிறாள். வயதுக்கு உயரம் போதாது. ஐயா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வேறு ஐயா வந்திருக்கிறார், அவருக்கும் பத்து மணிக்கு டீ வருகிறது. பலகை அதே சுவரில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, தோட்டத்தைப் பார்வையிடப் பெரிய துரைமார் வருவதற்கு முன்னால், நான்தான் அதற்குப் புது மை பூசுகிறேன். இத்தனை வருடமும் பூசியிருக்கிறேன். அந்த அறையில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

டாக்டரையா பேசின அன்று காலை நாங்கள் எல்லாரும் பெரட்டுக் களத்திலிருந்து ஸ்டோருக்கு நடந்தோம். பிறகு, புது ஐயாவுக்கு டீ வருகிற பத்து மணிக்கு நான் பலகைப் பக்கம் போனேன். பலகைக்குப் புது மை பூச வேண்டிய நாள் வந்திருந்தது. ஏணியைச் சாய்த்து, மைச்சட்டியை எடுத்துக்கொண்டு நின்றேன். மேலே ஏறக் கால் வரவில்லை.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் ஒரு மேடு தெரிந்தது. அம்மா சொல்லிக்கொடுத்த வித்தைதான்.

"பெட்டிக்கார மாமா, வருசா வருசம் கறுப்பு அடிக்கிறீங்களே, அதுல என்னாதான் எழுதியிருக்கு?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"ஸ்டோருக்குள் தீனி தின்னக்கூடாதுன்னு."

"தீனியா? மாட்டுக்குப் போடுறதா?"

"ஆமா."

"யாரு மாமா எழுதுனது?"

"நான்தான்" என்றேன்.

அவள் என் கையிலிருந்த மைச்சட்டியைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அரைக்கிற மெஷின் ஓடவில்லை. அவள் வாய்க்குள் சோளம் கடக்கென்று உடைந்த சத்தம் அந்த அறை முழுவதும் கேட்டது. கண்ணாடி அறைக்குள் புது ஐயா தலையைத் தூக்கினார். அவள் இன்னொன்றை முடிச்சிலிருந்து எடுத்து வாயில் போட்டு, அதையும் கடித்தாள்.

நான் ஏணியை எடுத்துக்கொண்டு என் பெட்டிகளிடம் போனேன்.